ஆளைவிட மாடு அதிகம்... வயோமிங்கும் நம்ம அஞ்செட்டி மலையும்!

'அமெரிக்காவில் வயோமிங் என்று ஒரு மாநிலம் இருக்கிறதாம். ஊரெல்லாம் மாடுதானாம், ஆளே கிடையாதாம். அங்கே அரசாங்க நிலத்தில் மாடு மேய்க்க விடுகிறார்கள் என்று என் மகன் சொல்கிறான். உண்மையா? இங்கே மட்டும் எங்கள் மாட்டை ஏன் விரட்டுகிறார்கள்?'

அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர், கேள்வி-பதில் பகுதிக்கு அனுப்பிய கேள்வி இது. நாலு வரியில் பதில் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை என்பதால், தனிக் கட்டுரையாகவே எழுதிவிட்டோம்.

மகன் சொன்னது உண்மைதான். வயோமிங்கின் பரப்பு சுமார் 2.53 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மக்கள்தொகையோ, 2020 கணக்கெடுப்பில் 5.77 லட்சம்தான். நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மட்டுமே 2011-ல் 18.8 லட்சம் பேர். அந்த மாநிலத்தின் தலைநகரான சையனில் சுமார் 65,000 பேர் இருக்கிறார்கள். ஓசூர் நகராட்சியாக இருந்த 2011-லேயே இங்கு 1.16 லட்சம் பேர். மொத்த மாநிலத்திலும் இரண்டே இடத்தில்தான் நகரும் படிக்கட்டு இருக்கிறது என்று அமெரிக்கர்களே சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால், மாடுகள் மட்டும் சுமார் 12 லட்சம். ஆளுக்கு இரண்டு மாடு!

இன்னொரு சேதியும் உண்டு. உலகத்தில் பல நாடுகள் யோசிக்காத காலத்தில், 1869-லேயே பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்த இடம் அது. ஆள் பற்றாக்குறையும் அதற்கு ஒரு காரணம். பெண்கள் குடியேற வரட்டும் என்ற ஆசை.

புல்லுக்கு வந்த சட்டம்

அங்கேயும் ஒரு காலத்தில் கேட்பாரே கிடையாது. யார் வேண்டுமானாலும், எத்தனை மாடு வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம். விளைவு, புல் கட்டாந்தரையானது. 1886 கோடையில் மழை பொய்த்தது. அடுத்து வந்த பனிக்காலத்தில் கடும் புயல். ஏற்கெனவே எலும்பும் தோலுமாக நின்ற மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்துப்போயின. பெரிய பெரிய பண்ணைகளே படுத்துவிட்டன.

அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. கடைசியில் 1934-ல் 'டெய்லர் மேய்ச்சல் சட்டம்' வந்தது. வயோமிங்கில் ஏறக்குறைய பாதி நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம். அதில் மேய்க்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். எந்த நிலத்தில், எந்த மாதங்களில், எத்தனை மாடு என்பதெல்லாம் சீட்டிலேயே இருக்கும். பொதுவாக ஒரு சீட்டு 10 வருடத்துக்குச் செல்லும். ஒரு பசுவும் கன்றும், அல்லது ஐந்து ஆடுகள், ஒரு மாதம் மேய்வதுதான் கணக்கு. அதற்கு 2024-ல் கட்டணம் 1.35 டாலர். நம்ம பணத்தில் அப்போது சுமார் 112 ரூபாய். ஒரு கட்டுத் தீவனத்தட்டு என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு மலிவு என்று புரியும்.

எல்லா இடத்திலும் விடுவார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1872-ல் உருவான யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் மாடு மேய்க்க முடியாது. அங்கிருந்து வெளியே வரும் கரடியும் ஓநாயும் கன்றுகளை அடிக்கும். அடித்தால் இழப்பீடு உண்டு. அதில் ஒரு நல்ல ஏற்பாடு: கரடி அடித்த கன்று ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், காட்டுக்குள் காணாமல் போனவற்றையும் சேர்த்து மூன்றரை கன்று வரைக்கும் கணக்குப் போட்டுப் பணம் தருகிறார்கள். யானை மிதித்த ராகிக்கு அலைந்தவர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடலாம்.

ஐம்பது கிலோமீட்டரில் ஒரு வயோமிங்

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து பஸ்கள் வரிசைகட்டுகிற நேரத்தில், தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டிச் சாலையில் போய்ப் பாருங்கள். அங்கே வேறு உலகம். மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காடு. ராகி, சாமை, கொள்ளு, அவரை என்று மானாவாரி வெள்ளாமை. ராகி முற்றும் பருவத்தில் பன்னார்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டம் இறங்கும். பரண்மேல் ராத்திரிக் காவல்.

2014-ல் காவிரி வடக்கு வனஉயிரினச் சரணாலயமும், 2022-ல் காவிரி தெற்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இரண்டும் சேர்ந்து சுமார் 1,190 சதுர கிலோமீட்டர். யானைக்கு நல்லதுதான். ஆனால் 2022 மார்ச்சில், காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. முதலில் எல்லாக் காடுகளுக்கும் என்றிருந்த உத்தரவு, பிறகு சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருங்கியது. அஞ்செட்டி வட்டாரத்தில் பட்டி போட்டு மாடு வைத்திருக்கிறவர்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

வாசகரின் கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் விடுகிறார்கள், இங்கே விரட்டுகிறார்கள் என்பது பாதிதான் சரி. அங்கே சீட்டு கிடைக்க, சொந்தமாகப் பண்ணை நிலமோ தண்ணீர் உரிமையோ இருக்க வேண்டும். நிலமில்லாத மேய்ப்பருக்குச் சீட்டு கிடையாது. நம்முடைய 2006 வன உரிமைச் சட்டம் அந்த விஷயத்தில் ஒரு படி மேல். பழங்குடிகளுக்கும், மூன்று தலைமுறையாக, அதாவது 75 வருடமாக, காட்டை நம்பி வாழும் மற்றவர்களுக்கும் மேய்ச்சல் உரிமையை அந்தச் சட்டம் ஊர்ப் பொதுவாகவே அங்கீகரிக்கிறது. சரணாலயம் என்பதால் அந்தச் சட்டம் செல்லாமல் போகாது. ஆனால், அங்கே எல்லாம் எழுத்தில் இருக்கிறது. நம்மிடம் 'தாத்தா காலத்திலிருந்து மேய்க்கிறோம்' என்ற வாய்ப்பேச்சைத் தவிர என்ன இருக்கிறது?

எழுத்தில் வாங்க என்ன வழி?

ஊர்ப் பொதுவான உரிமைக்கு 'படிவம் ஆ'. ஆளுக்கு ஆள் மனு போட்டால் மேய்ச்சலுக்கு உதவாது. கிராம சபையில்தான் தொடங்க வேண்டும். வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுத்து, அதில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஆதாரம் இரண்டு வகையிலாவது வேண்டும். பழைய வனத்துறை, வருவாய்த்துறை ஆவணம் இருந்தால் நல்லது. இல்லையென்றாலும் மனம் தளர வேண்டாம். மேய்ச்சல் இடம், மாடு தண்ணீர் குடிக்கும் குட்டை ஆகியவையும் ஆதாரம்தான். பழைய பட்டி போட்ட தடம் இருந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள். மனுவில் சேராத பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கிச் சேர்க்கலாம். உங்கள் ஊரில் எண்பது வயதைத் தாண்டியவர் யாராவது இருந்தால், இந்த வாரமே உட்காரவைத்து எழுதி வாங்கிவிடுங்கள்.

கிராம சபைத் தீர்மானம் கோட்ட அளவிலான குழுவுக்குப் போய், அங்கிருந்து ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கு வரும். கிராம சபை மறுத்தால் கோட்டக் குழுவிடமும், கோட்டக் குழு மறுத்தால் மாவட்டக் குழுவிடமும் 60 நாள்களுக்குள் முறையிடலாம். மனுவின் நகலில் தேதியோடு ஒப்புகை வாங்க மறக்காதீர்கள்.