ஆட்டிசம் உள்ள பிள்ளையும் ஒரு பழைய தையல் மிஷினும்



நம் ஜமாஅத்தில் சில வீட்டுப் பிள்ளைகளை நிக்காஹ் வீட்டிலும் பெருநாளன்றும் நாம் பார்ப்பதே இல்லை. கூட்டத்துக்கு வந்தால் அந்தப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கத்தும். பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும். பார்ப்பவர்கள் "வளர்ப்பு சரியில்லை" என்பார்கள், அல்லது "கண்ணேறு" என்பார்கள். அதைக் கேட்கச் சகிக்காமல் அம்மா வீட்டோடு இருந்துவிடுகிறார். மெல்ல மெல்லக் குடும்பமே தனித்துப் போகிறது. இந்தக் குடும்பங்களையும் ஊரையும் சேர்த்துவைக்க ஓர் எளிய வழியை இங்கே விளக்குகிறோம்.

யார் மேலும் குற்றமில்லை

ஆட்டிசம் தொற்றுநோய் அல்ல. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே உள்ள வேறுபாடு அது. 1943ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய பிறகே மருத்துவ உலகம் இதைத் தனியாகக் கவனித்தது. அதன்பின் பல ஆண்டுகள் தாயின் பாசக் குறைவுதான் காரணம் என்று மருத்துவர்களே பழி போட்டார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட், 1964ல் ஒரு நூல் எழுதி அந்தக் கருத்தை மறுத்தார். மருத்துவம் எப்போதோ கைவிட்ட அந்தப் பழியை நம் தெருக்களில் இன்னும் சிலர் சுமத்துகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

முகம் பார்த்துப் பேசுவதைவிட, சேர்ந்து வேலை செய்வது எளிது

ஆட்டிசம் உள்ள பலருக்கு எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசுவது கடினம். ஆனால் மனதுக்குப் பிடித்த ஒரு பொருள் நடுவில் இருந்தால் நிலைமை மாறுகிறது. டேனியல் லெகாஃப் என்ற உளவியலாளரிடம் பயிற்சிக்கு வந்த இரண்டு சிறுவர்கள், காத்திருக்கும் அறையில் இருவர் கையிலும் லெகோ கட்டைகள் இருப்பதைக் கண்டு தாங்களாகவே ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்கினார்கள். அதைப் பார்த்த அவர் ஒரு முறையை உருவாக்கி, 2004ல் அதன் பலனைக் கட்டுரையாக வெளியிட்டார். அதில் ஒரு பிள்ளை படத்தைப் பார்த்து வழி சொல்லும், ஒரு பிள்ளை கட்டைகளை எடுத்துக் கொடுக்கும், ஒரு பிள்ளை பொருத்தும். பிறகு வேலையை மாற்றிக்கொள்வார்கள். ஒருவர் பேசாவிட்டால் மற்றவர் வேலை நின்றுவிடும் என்பதால், பேச்சுக்கு ஒரு தேவை பிறக்கிறது. இங்கிலாந்துப் பள்ளிகளில் சுமார் 250 பிள்ளைகளிடம் இதைச் சோதித்தபோது பழகும் திறனில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. ஆட்டிசத்தை இது "குணப்படுத்தும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நம் மலையில் எப்படிச் செய்வது?

பயிற்சிக்காக ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி சேலம் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அந்தப் பயிற்சி தேவைதான். அதோடு வீட்டுத் திண்ணையிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நன்னி காலத்துக் கால்மிதி தையல் மிஷின் ஒன்று பல வீடுகளில் மூலையில் கிடக்கும். மலையின் பனியிலும் ஈரத்திலும் துருப்பிடித்து, பழைய எண்ணெய் பிசினாக இறுகி, சக்கரம் சுற்றாமல் நின்றிருக்கும். அதைச் சீர்செய்வதே நாம் சொல்லும் வேலை.

முதலில் பெரியவர் ஊசியைக் கழற்றிவிட வேண்டும். மிஷினின் தலைப்பகுதி கனமான இரும்பு, அதைத் தூக்குவதும் பெரியவர் வேலை. அடுத்து, கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் ஒரு பிள்ளை போனில் படம் எடுக்கட்டும். இன்னொரு பிள்ளை திருகுகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாக வைக்கட்டும். மூன்றாவது பிள்ளை எண்ணெய்த் துளைகளில் தையல் மிஷின் எண்ணெய் விடட்டும். இரவு முழுதும் ஊறவிட்டு, மறுநாள் சக்கரத்தைக் கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள். பலவந்தம் வேண்டாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதைச் சுரண்டக் கூடாது. சின்னத் திருகுகள் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு ஒரு வரிசை, கண்ணுக்குத் தெரியும் ஒரு முடிவு, இரண்டும் இதில் உண்டு. ஆட்டிசம் உள்ள பலருக்கு மனம் ஒட்டுவது இங்கேதான். எண்களில் ஆசை உள்ள பிள்ளைக்கு இன்னொரு விருந்தும் இருக்கிறது. பழைய சிங்கர் மிஷினில் பொறித்துள்ள எண்ணை வைத்து அது செய்யப்பட்ட ஆண்டைக் கண்டுபிடிக்கலாம்.

அக்கம்பக்கத்தார் வந்து எட்டிப் பார்ப்பார்கள். "இவனுக்கு என்ன?" என்று கேட்டவர், "தம்பி, இது எந்த வருஷத்து மிஷின்?" என்று கேட்கத் தொடங்குவார். அப்போது அத்தாவோ அம்மாவோ இரண்டே வரி சொன்னால் போதும்: "இவனுக்கு ஆட்டிசம். சத்தம் கூடினால் தாங்கமாட்டான், மிஷினைப் பற்றிக் கேளுங்கள், சொல்வான்." பேச்சு வராத பிள்ளை கையால் செய்து காட்டும். விழிப்புணர்வு என்று நாம் சொல்வது இதைத்தான். பிள்ளையைக் காட்சிப் பொருளாக்க வேண்டாம். அதன் விருப்பமும் பெற்றோர் சம்மதமும் இல்லாமல் படத்தை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். பிள்ளைக்கு மிஷினில் ஆசை இல்லையென்றால் வற்புறுத்தவும் வேண்டாம். கடிகாரமோ, ரேடியோவோ, சைக்கிளோ, எதில் மனம் போகிறதோ அதையே எடுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இதெல்லாம் பொருந்தும்.

ஓடத் தொடங்கிய மிஷினை, தைத்துப் பிழைக்க விரும்பும் ஒரு சகோதரிக்குக் கொடுக்கலாம். எப்போதும் உதவி பெறுபவனாகவே பார்க்கப்பட்ட பிள்ளை, அன்று கொடுப்பவனாக நிற்பான்.

உரிமைகளையும் விட்டுவிடாதீர்கள்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களில் ஒன்றாக ஆட்டிசத்தையும் ஏற்றிருக்கிறது. மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் பெறுங்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. விவரங்களைச் சேலத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

பழைய மிஷின் சும்மா கிடக்கும் வீட்டாரும், மிஷின் வேலை தெரிந்த பெரியவர்களும் எங்களிடம் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், தேவைப்படும் குடும்பத்தோடு சேர்த்துவைக்கிறோம். அடுத்த நிக்காஹ்வுக்கு அழைப்பு எழுதும்போது, அந்தப் பிள்ளையின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். மண்டபத்தில் ஸ்பீக்கருக்குத் தள்ளி ஓர் அமைதியான இடத்தையும் ஒதுக்கி வையுங்கள்.