தார்ப் பூச்சுக்கும் முகூர்த்தம் உண்டு, தெரியுமா?

அமெரிக்காவில் வீட்டு வாசலில் கார் நிறுத்துகிற தார்த் தரைக்குக் கறுப்புப் பூச்சு அடிக்க ஆள் கூப்பிட்டால், வருகிறவர் முதலில் கையில் எடுப்பது வானிலை அறிக்கையைத்தான், தெரியுமா? பகலில் எத்தனை டிகிரி, ராத்திரி எத்தனை டிகிரி, மழை வருமா, காற்றில் ஈரம் எவ்வளவு... நான்கும் ஒத்துவந்தால்தான் வாளியின் மூடி திறக்கும். பஞ்சாங்கம் பார்த்துக் கல்யாணத்துக்கு நாள் குறிப்பவர்கூட இவ்வளவு கறாராக இருக்கமாட்டார்!

சீல்கோட்டிங் என்று அதற்குப் பெயர். மால் பார்க்கிங், தேவாலய வளாகம், வீட்டு டிரைவ்வே எனத் தார் போட்ட இடத்திலெல்லாம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இதை இழுத்துவிடுவார்கள். வெயில் தாரை வெளிறவைக்காமல், மழைநீர் உள்ளே இறங்காமல், கார் ஒழுக்கும் எண்ணெய் அரிக்காமல் காக்கிற மெல்லிய தோல் அது.

அந்தக் கறுப்புக் குழம்பில் கிட்டத்தட்டப் பாதி வெறும் தண்ணீர், தெரியுமா? தாரும் தண்ணீரும் சேராதே என்கிறீர்களா? சேராதுதான். தாரைக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக உடைத்து, அவை ஒட்டிக்கொள்ளாமலிருக்க ஒரு ரசாயனமும் சேர்த்துத் தண்ணீரில் மிதக்கவிட்டிருப்பார்கள். எமல்ஷன் என்பது அதுதான். கூடவே களிமண், மணல். தரையில் விரித்ததும் தண்ணீர் ஆவியாகிக் கிளம்ப வேண்டும். அது போகப் போகத் துளிகள் நெருங்கி, முட்டி, ஒன்றோடொன்று கலந்து ஒரே படலமாகிவிடும். கிட்டே நின்று பார்த்தால் அசந்துபோவீர்கள்! விரிக்கும்போது பழுப்பு கலந்த மங்கல் நிறம். பிறகு மெல்லிய ஓரங்கள் முதலில் கறுக்கும். அப்புறம் நடுவே திட்டுத் திட்டாகக் கறுப்பு பரவும். பள்ளத்தில் தேங்கிய இடம் மட்டும் கடைசிவரை பழுப்பாகவே அடம்பிடிக்கும். தண்ணீர் இன்னும் எங்கே மிச்சம் இருக்கிறது என்பதை நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆக, மொத்த விவகாரமும் இந்தத் தண்ணீர் எப்போது, என்ன வேகத்தில் வெளியேறுகிறது என்பதில்தான் இருக்கிறது.

எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் எண் ஒன்று உண்டு: 50 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 10 டிகிரி செல்சியஸ். பூசும்போது வெப்பம் அதற்கு மேலே இருக்க வேண்டும், ஏறுமுகமாகவும் இருக்க வேண்டும். அதோடு விட்டார்களா? பூசி முடித்து 24 மணி நேரம் அதற்குக் கீழே இறங்கவும் கூடாது, மழையும் பெய்யக் கூடாது. பட்டப்பகலில் 20 டிகிரி இருந்தாலும், அன்று ராத்திரி 5 டிகிரி என்றால் வேலை கிடையாது! குளிரில் துளிகள் விறைத்துக்கொண்டு சேர மறுக்கும். மேலே பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். ஒரு மழை அடித்தால் சாம்பல் பூத்து, கோடு கோடாக வழிந்து, டயரோடு பெயர்ந்து போகும். என்னைக் கேட்டால், இந்தத் தொழிலில் பகலைவிட ராத்திரியைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

இதே 10 டிகிரி இந்தியச் சாலைகளுக்கும் உண்டு என்பது தெரியுமா? சாதாரணத் தார்க் கலவையை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விரிக்கக் கூடாது என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதித்தொகுப்பு. மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டிக் காற்று அடித்தாலும் வேலையை நிறுத்த வேண்டும். சென்னைக்கு அந்தக் குளிர் விதி சும்மா காகிதத்தில் கிடக்கும். ஊட்டியில் மார்கழி காலையில் போய்ப் பாருங்கள், அதன் அருமை புரியும்!

குளிர்தான் எதிரி, வெயில் நண்பன் என்று நினைத்துவிடாதீர்கள். வெயில் கொடுக்கும் தொல்லை வேறு ரகம்! காற்று 35 டிகிரி இருக்கும்போது, வெயிலில் கிடக்கிற தார்த் தரை 60 டிகிரியைத் தாண்டுவது சர்வசாதாரணம். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் 2023 கோடையில் வெப்பம் தொடர்ந்து 31 நாட்கள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 43 டிகிரி செல்சியஸைத் தொட்டது. தார்ச் சாலையில் விழுந்தவர்கள் தீக்காயத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், நம்புவீர்களா? அப்படிப்பட்ட தரையில் பூச்சை ஊற்றினால் மேல்பரப்பு மட்டும் சட்டென்று ஏடு கட்டிவிடும். அடியில் தண்ணீர் மாட்டிக்கொள்ளும். மேலே காய்ந்துவிட்டது என்று நம்பிக் காரை ஏற்றி, நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் போதும், டயர் வட்டமாக உரித்தெடுத்துவிடும்.

அதற்கு என்ன வைத்தியம் தெரியுமா? தண்ணீர் போக வேண்டிய இடத்தில் மேலும் தண்ணீர்! பூசுவதற்குச் சற்று முன்பு தரையில் பனிமூட்டமாக நீரைத் தெளிப்பார்கள். தரை குளிர வேண்டும், ஆனால் எங்கும் குட்டை கட்டக் கூடாது. அல்லது விடிகாலையிலேயே வேலையைத் தொடங்கி, உச்சி வெயிலுக்குள் மூட்டையைக் கட்டிவிடுவார்கள். விவரம் தெரிந்தவர்கள் காற்றின் வெப்பத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், துப்பாக்கி மாதிரி இருக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் தரையையே சுட்டுப் பார்க்கிறார்கள்.

ஒரே டிரைவ்வேயில் இரண்டு தட்பவெப்பம் இருக்கும், தெரியுமா? மேப்பிள் மரத்தடி, கட்டடத்தின் வடக்குப் பக்கம், கராஜ் கதவை ஒட்டிய நிழல்... வெயில்படும் பகுதி மதியமே காய்ந்து கிடக்க, இங்கெல்லாம் மறுநாளும் பிசுபிசுக்கும். இலையுதிர்காலத்தில் இன்னொரு திருட்டு விருந்தாளி: பனித்துளி! மழையே இல்லாத தெளிந்த இரவில் தரை குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் நீராகப் படிந்துவிடும். மாலையில் பூசியது ராத்திரியே நனையும். போதாக்குறைக்கு உதிர்கிற இலைகள் வேறு ஈரப் பூச்சில் அச்சுப் பதித்துவிட்டுப் போகும்.

அதனால்தான் மினசோட்டா, மிச்சிகன் போன்ற வட மாநிலங்களில் இந்தத் தொழில் மே முதல் செப்டம்பர் வரை மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. அந்தச் சில மாதங்களில் ஒரு வாரம் மழை பிடித்தால் முதலாளிகளுக்குத் தூக்கம் போய்விடும். மிச்சமான வாளியைக் குளிர்காலத்தில் வெளியே வைத்தால் அதுவும் போச்சு. ஒருமுறை உறைந்து உருகினால் எமல்ஷன் பிரிந்துவிடும், அப்புறம் எவ்வளவு கலக்கினாலும் சேராது!

சரி, புதிதாகத் தார் போட்ட உடனேயே பூசிவிட்டால்? கூடாது! புதுத் தாரில் லேசான எண்ணெய்ப் பொருட்கள் இருக்கும். அவை வெளியேறித் தரை இறுக வேண்டும். சிலர் மூன்று மாதம் என்பார்கள், சிலர் ஒரு வருடம் பொறு என்பார்கள். கோடை ஒன்று கடந்தால் நல்லது என்பது பொதுவான பேச்சு. இந்த எண்ணெயின் குறும்பை உலகமே ஒருமுறை டிவியில் பார்த்தது! 2020 நவம்பர், இஸ்தான்புல். ஃபார்முலா 1 பந்தயத்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் பாதைக்குப் புதுத் தார் போட்டிருந்தார்கள். குளிர், மேலே மழை, அடியிலிருந்து கசியும் எண்ணெய். உலகின் மிகச் சிறந்த ஓட்டுநர்கள் பனிக்கட்டியில் ஓட்டுவதாகப் புலம்பியபடி சுழன்று சுழன்று போனார்கள். அந்த வழுக்கலிலும் ஜெயித்து லூயிஸ் ஹாமில்டன் ஏழாவது உலகப் பட்டத்தை எடுத்து மைக்கேல் ஷூமாக்கரின் சாதனையைச் சமன் செய்தார் என்பது தனிக் கதை.

தார் வகைப் பொருட்களுக்கு வெப்பம் என்றால் எவ்வளவு உயிர் தெரியுமா? ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஒரு கண்ணாடிப் புனல் இருக்கிறது. 1927-இல் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் அதில் பிட்ச் என்ற தார் வகைப் பொருளைச் சூடாக்கி ஊற்றினார். மூன்று வருடம் படியவிட்டு, 1930-இல் புனலின் அடியை வெட்டினார். சுத்தியலால் அடித்தால் சில்லுச் சில்லாக உடைகிற பொருள் அது. ஆனால் அன்றிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கிறது! தண்ணீரைவிட சுமார் 23,000 கோடி மடங்கு கெட்டி. 1988 வரை எட்டு, ஒன்பது ஆண்டுகளுக்கு ஒரு சொட்டு விழுந்துவந்தது. அப்புறம் அந்தக் கட்டடத்துக்கு ஏசி போட்டார்கள். அவ்வளவுதான்! அடுத்த சொட்டுக்கு 2000 வரை, அதற்கடுத்ததற்கு 2014 வரை காத்திருக்க நேர்ந்தது. அறை கொஞ்சம் குளிர்ந்ததற்கே நாலைந்து வருடத் தாமதம்! 2000-ஆம் ஆண்டுச் சொட்டைப் படம்பிடிக்க வைத்திருந்த கேமரா சரியாக அந்த நேரம் பார்த்துப் பழுதானது. பாவம், காவலிருந்தவர்கள்!

அமெரிக்காவில் தாரின் பெயரிலேயே இரண்டு வெப்பநிலைகள் எழுதியிருக்கும். பி.ஜி. 64-22 என்றால், சாலையின் உடம்பு 64 டிகிரி செல்சியஸ் வரை சுட்டாலும் தாங்கும், மைனஸ் 22 வரை குளிர்ந்தாலும் வெடிக்காது என்று அர்த்தம். 1987-இல் தொடங்கி, ஐந்து ஆண்டுகளில் 15 கோடி டாலர் செலவழித்த சாலை ஆராய்ச்சித் திட்டத்தின் பிள்ளை இது. மினசோட்டாவின் உறைபனிக்கு 58-34, அரிசோனா பாலைவனத்துக்கு 76-16 என்று ஊருக்கு ஊர் ஜாதகம் மாறும். அப்படியும் விரிசல் விழத்தான் செய்கிறது. அதில் இறங்கும் தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பருத்து, உள்ளிருந்து நெம்பும். வசந்தம் வந்தால் ஊரெல்லாம் பள்ளம்! பனிக்காலத்துக்கு முன்பே விரிசலை அடைத்துப் பூசிவிட வேண்டும் என்று அவர்கள் துடிப்பது இதற்காகத்தான்.

உருகிய தார் ஒரு சாம்பியன் கனவையே கவிழ்த்தது தெரியுமா? 2003 ஜூலை 14. ஐரோப்பாவையே வறுத்தெடுத்த கோடை. டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் காப் நகரை நோக்கி இறங்கும் மலைச்சாலை. இரண்டாம் இடத்திலிருந்த ஸ்பெயின் வீரர் ஹொசேபா பெலோகி இளகிய தாரில் சறுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். பின்னால் வந்த லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் சாலையை விட்டு வயலுக்குள் பாய்ந்து, குறுக்கே ஓட்டி, கீழே மறுபடி பந்தயத்தில் சேர்ந்தார்! இதையும் மிஞ்சியது 2018 ஜூலையில் குயின்ஸ்லாந்து. அண்மையில் மேல்பூச்சுப் போட்ட கிராமச் சாலையில் தார் இளகி டயர்களில் அப்பி, வண்டிகள் நடுவழியில் நின்றன. ஜூலை அங்கே குளிர்காலம்!

இவ்வளவு நேரம் வெயில் பூச்சை என்ன செய்கிறது என்று பார்த்தோம். பூச்சு வெயிலை என்ன செய்யும்? ஃபீனிக்ஸ் நகராட்சி 2020-இல் கறுப்புக்குப் பதிலாக வெளிர் சாம்பல் நிறப் பூச்சைத் தெருக்களில் அடிக்க ஆரம்பித்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் அளந்து பார்த்ததில், உச்சி வேளையிலும் பிற்பகலிலும் தரையின் சூடு 10.5 முதல் 12 டிகிரி ஃபாரன்ஹீட் வரை குறைந்திருந்தது. அடேயப்பா என்கிறீர்களா? பொறுங்கள். தரை திருப்பி அனுப்பிய வெயில் போய் நடந்துசெல்பவர் மேல் விழுந்தது! நண்பகலில் அந்தத் தெருவில் நிற்கும் மனிதர் உணரும் சூடு 5.5 டிகிரி ஃபாரன்ஹீட் கூடியது. அப்படியும் நகராட்சி பின்வாங்கவில்லை; 100 மைல்களுக்கு மேல் அடித்துவிட்டது. வெயிலைத் துரத்த வந்த அந்தச் சாம்பல் பூச்சும் தண்ணீர் கலந்த எமல்ஷன்தான். அதை அடிக்கும் நாளிலும் யாராவது ஒருவர் வானிலை அறிக்கையைப் பார்த்து, தரை காயும்வரை தெருவை மூடிவைக்க வேண்டியிருக்கிறது.