கோபன்ஹேகன் கையேட்டில் மாயவரத்துப் பக்கம்

வழிசொல்லும் நூல்கள் – 9

கோபன்ஹேகன் நகரத்துக்கு வழிகாட்டும் எந்த நூலைப் பிரித்தாலும் முதல் பக்கங்களில் வருவது ஏறக்குறைய ஒரே பட்டியல்தான். லாங்கலீனி கரையில் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் கடற்கன்னிச் சிலை, 1843இல் திறக்கப்பட்ட டிவோலி பூங்கா, வண்ண வீடுகள் வரிசைகட்டி நிற்கும் நியூஹவ்ன் கால்வாய், அரச குடும்பத்தின் அமாலியன்போர்க் மாளிகைகள், நான்காம் கிறிஸ்டியன் கட்டிய ரோசன்போர்க், அவரே எழுப்பிய வட்டக் கோபுரம். எல்லாம் பார்க்க வேண்டியவையே. ஆனால் மயிலாடுதுறையிலிருந்து போகும் ஒருவர் இந்தப் பட்டியலை மட்டும் நம்பி நான்கு நாள் சுற்றினால், தம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றை 1620 முதல் 1845 வரை தன் கையில் வைத்திருந்த தலைநகரத்தில் நடந்தோம் என்ற உணர்வே இல்லாமல் ஊர் திரும்பிவிடுவார். (இடையில் சில ஆண்டுகள் தரங்கம்பாடியை ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்ததை மறக்கவில்லை.) செம்பொனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் பேருந்தில் ஒரு மணி நேரத்தில் போய்ச்சேரும் ஊருக்கும் அந்த நகரத்துக்கும் உள்ள உறவு, அவர் கையிலிருக்கும் நூலில் ஒரு வரியாகக்கூட இருக்காது. வழிகாட்டி நூலை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்பவர்களுக்கு இந்த ஓர் எடுத்துக்காட்டை வைத்தே விடை சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். எப்படிப் போவது, எங்கே தங்குவது, எந்த நாளில் எது மூடியிருக்கும் என்பதில் நூலை முழுதாக நம்புங்கள். எதைப் பார்ப்பது என்பதை நூலாசிரியர் மட்டும் முடிவுசெய்ய விட்டுவிடாதீர்கள்.

சென்ற வாரம் ஆற்றுப்படைகளைப் பார்த்தோம். பத்துப்பாட்டில் சரிபாதி அவைதாம். அந்த ஐந்திலும் ஒரு நேர்மை உண்டு: யாருக்கு வழி சொல்கிறோம் என்பதை அவை மறைப்பதில்லை. பசித்த பாணனுக்குச் சொல்லும் வழி வேறு, கூத்தருக்குச் சொல்லும் வழி வேறு. கேட்பவன் யார் என்று தெரிந்தபிறகே வழியில் என்ன கிடைக்கும், யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்ற செய்தி வருகிறது. 1836இல் லண்டனில் ஜான் மர்ரே வெளியிட்ட ஐரோப்பியக் கையேடும், கோப்லென்ஸ் நகரத்துப் புத்தக வணிகர் கார்ல் பெடேக்கர் அதே காலத்தில் தொடங்கிய வரிசையும் இந்த இடத்தில்தான் வேறு பாதை எடுத்தன. கூலிக்கு அமர்த்தும் வழிகாட்டியின் பிடியிலிருந்து பயணியை விடுவிப்பதே பெடேக்கரின் நோக்கம். நல்ல நோக்கம், அதில் அவர் வென்றார். ஆனால் அவர் நட்சத்திரக் குறி போட்டு உயர்த்திய தேவாலயமும் ஓவியமும் யாருடைய கண்ணுக்கு உயர்ந்தவை என்று நூலில் எங்கும் இல்லை. இலத்தீனும் ஓவிய வரலாறும் கொஞ்சம் படித்த, நடுத்தர வசதியுள்ள ஒரு ஜெர்மானியரோ ஆங்கிலேயரோதான் அந்த வாசகர். பின்னால் வந்த நூல்கள் விடுதிகளையும் உணவகங்களையும் மாற்றின. அந்த வாசகரை அவ்வளவாக மாற்றவில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் 1957இல் வெளிவந்த தம் நூலில், ஸ்பெயின் பற்றிய நீல அட்டைக் கையேட்டுக்கு மலைகளும் கோயில்களும் தெரிந்த அளவுக்கு மனிதர்கள் தெரியவில்லை என்று காட்டினார். மனிதர்கள் விடுபட்டார்கள் என்றால், அந்த மனிதர்களோடு தொலைதூரத்தில் கணக்கு வழக்கு வைத்திருந்த நெசவாளரும் உழவரும் வேறு எங்கே இடம்பெறுவார்கள்?

இனி கோபன்ஹேகனுக்கே வருவோம். நான்காம் கிறிஸ்டியன் 1616இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றுக்கு உரிமை கொடுத்தார். 1618இல் ஓவே யெட்டே தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. இலங்கையில் காலூன்றும் முயற்சி பலிக்காமல் போக, தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620 நவம்பர் 19ஆம் நாள் உடன்பாடு கையெழுத்தாகி, தரங்கம்பாடியில் டேன்ஸ்பர்க் கோட்டை எழுந்தது. அந்த ஆண்டுகளில் அதே அரசர் தம் தலைநகரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பாருங்கள். தண்ணீருக்கு அக்கரையில் கால்வாய்களோடு கிறிஸ்டியன்ஸ்ஹவ்ன் என்ற வணிகப் பேட்டையை அமைத்தார். இக்கரையில், நான்கு டிராகன்களின் வால்கள் முறுக்கிக்கொண்டு மேலேறுவது போன்ற கோபுரம் வைத்து, பார்சன் என்ற வணிகச் சந்தை மாளிகையைக் கட்டத் தொடங்கினார். 2024 ஏப்ரல் 16 அன்று தீப்பிடித்து அந்தக் கோபுரம் சரிந்து விழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் நம் ஊரிலும் உண்டு. எரிந்தது டேன்ஸ்பர்க்கின் சமவயதுக் கட்டடம், ஒரே அரசரின் ஒரே வணிகக் கனவிலிருந்து பிறந்தது என்பதை அன்றைய செய்தி எதுவும் நமக்கு நினைவூட்டவில்லை. ஒன்று வங்கக் கடலோரத்தில் நிற்கிறது. மற்றொன்று திரும்பக் கட்டப்பட்டு வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கோபன்ஹேகனின் பதினேழாம் நூற்றாண்டு முழுமையாகும்.

அங்கிருந்து பாலம் கடந்து கிறிஸ்டியன்ஸ்ஹவ்ன் பக்கம் ஸ்ட்ரான்கேட் தெருவுக்குப் போனால், 1732இல் உரிமை பெற்ற ஆசியக் கம்பெனியின் தலைமையகமும் பதினெட்டாம் நூற்றாண்டுப் பண்டகசாலையும் நிற்கின்றன. இன்று ஆசியாடிஸ்க் பிளாட்ஸ் என்று பெயர் தாங்கியிருக்கும் அந்த வளாகத்தில் டென்மார்க்கின் வெளியுறவு அமைச்சகம் நடக்கிறது. 1777இல் அரசே நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளும்வரை தரங்கம்பாடிக்கு உத்தரவுகள் போனது இந்தக் கம்பெனியிலிருந்துதான்; தரங்கம்பாடியிலிருந்து துணிப் பொதிகளும் கணக்குகளும் வந்துசேர்ந்ததும் இந்தக் கம்பெனிக்குத்தான். பெரும்பாலான பயணிகள் இதைப் படகிலிருந்தபடியே கடந்து போவார்கள். அமாலியன்போர்க் சதுக்கத்தைக் கடந்து போக மாட்டார்கள். அங்கே எல்லாரும் நின்று படமெடுப்பார்கள். நடுவில் குதிரைமேல் இருப்பவர் ஐந்தாம் பிரெடரிக். பிரெஞ்சுச் சிற்பி சாலி பல ஆண்டுகள் உழைத்து வடித்து, 1771இல் திறக்கப்பட்ட சிலை. சிற்பியின் பெயரை நூல்கள் சொல்லும். செலவை ஏற்றது ஆசியக் கம்பெனி என்பதைச் சில சொல்லும். அந்தக் கம்பெனியின் கொடி பறந்த கரைகளில் ஒன்று எங்கே இருக்கிறது, அங்கே யார் நெய்தார்கள், யார் சுமந்தார்கள் என்பதைச் சொல்லும் பொறுப்பு நூலாசிரியருக்கு இல்லை. நமக்கு இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஆசியக் கம்பெனிக்குப் பெரும் ஆதாயம் கொடுத்தது கான்டனிலிருந்து வந்த சீனத் தேயிலை. தரங்கம்பாடி பல காலம் அதற்குச் செலவு வைத்த ஊர். அப்படியிருக்க, அந்தச் சிலையையும் மாளிகைகளையும் காவிரிக் கழிமுகத்தின் உழைப்பு கட்டியது என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது. ஊர்ப்பற்றினால் கணக்கை ஊதிப் பெருக்குகிறவர் தம் ஊருக்கும் நன்மை செய்யவில்லை. நான் சொல்வது அதைவிடச் சிறியது, ஆனால் உறுதியானது. தரங்கம்பாடி இந்த நகரத்தின் செல்வத்துக்கு முழுக் காரணம் அல்ல. இந்த நகரத்தின் நினைவில் அது ஒரு பகுதி. டேனிஷ்காரர்கள் தஞ்சைக்கு ஆண்டுதோறும் கப்பம் கட்டித்தான் அந்தக் கரையில் இருந்தார்கள் என்பதையும் இதே நேர்மையோடு சொல்ல வேண்டும். பொறையாறு உட்படச் சில கிராமங்களின் வரியும், சுற்றுவட்டார நெசவும், அரிசியும், பிற நாட்டுக் கப்பல்களின் போக்குவரத்தும் சேர்ந்ததுதான் அந்த உறவு. 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். டிவோலி திறந்து அப்போது இரண்டு ஆண்டு.

கல்லிலும் மரத்திலும் இருப்பவற்றைவிட எடுத்துச் சொல்ல வேண்டியது பொன்னில் இருக்கிறது. இரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்கு அனுப்பிய பொன்னோலை, பனையோலை வடிவில் அடித்த தகட்டில் தமிழில் எழுதப்பட்டது. இன்று கோபன்ஹேகனில், டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தின் உடைமையாக இருக்கிறது. ஐரோப்பியத் தலைநகரம் ஒன்றின் அரசு ஆவணங்களுக்குள் நான்கு நூற்றாண்டாக ஒரு தமிழ் ஓலை இருக்கிறது என்பதை எந்தக் கையேடு நட்சத்திரமிட்டுச் சொல்லும்? கடற்கன்னியைப் பார்க்க வரிசையில் நிற்கும் ஒரு தமிழருக்கு, எழுத்துக்கூட்டிப் படிக்க முயலக்கூடிய ஒரு பொருள் அதே நகரத்தில் இருப்பதைச் சொல்லாமல் விடுவது பெரிய இழப்பு. ஆவணக் காப்பகம் அருங்காட்சியகம் போலக் கதவைத் திறந்து வைத்திருக்கும் இடம் அல்ல. பார்க்க விரும்புகிறவர் புறப்படுவதற்கு வெகு நாள் முன்பே எழுதிக் கேட்க வேண்டும். இத்தகைய செய்தியைத்தான் நமக்கான நூல் முதல் பக்கத்தில் சொல்ல வேண்டும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. ஏழாயிரம் கிலோமீட்டர் பறந்து போயும் சொந்த ஊரையே தேடுவதென்றால் பயணம் எதற்கு? பிறர் உலகத்தைப் பிறர் உலகமாகப் பார்ப்பதல்லவா அழகு? இதற்கான விடையை டேனிஷ்காரர்களே நம் மண்ணில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் தரங்கம்பாடிக்கு வரும்போது எதைப் பார்க்கிறார்கள்? டேன்ஸ்பர்க், 1792இல் கட்டிய நகர வாயில், ஆளுநர் மாளிகை, இராஜ வீதியின் வீடுகள், 1718இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயம். தரங்கம்பாடி நினைவுக்கென்றே ஒரு சங்கம் வைத்துக் கோட்டைச் சீரமைப்பில் பங்கெடுத்தார்கள். டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகம் ஊரை ஆராய ஒரு தனித் திட்டமே நடத்தியது. கோபன்ஹேகனில் பயண நூல்களுக்கென்றே நடந்த ஒரு புத்தகக் கடைக்கு ‘ட்ராங்கபார்’ என்றுதான் பெயர். இவர்களை யாரும் குறுகிய மனத்தினர் என்று சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். அந்த ஈடுபாட்டினால் நம் ஊருக்கு நன்மை விளைந்திருக்கிறது. ஆனால் கோட்டைக்குப் பக்கத்திலேயே, 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்து, அலை அரித்து அரித்துப் பாதி போய்விட்ட மாசிலாமணிநாதர் கோயிலுக்கு அவர்களுடைய கையேட்டில் எத்தனை வரி கிடைக்கிறது என்று பார்த்தால், ஒவ்வொருவரும் தம் இழையைப் பிடித்துக்கொண்டுதான் அயலூருக்குள் நுழைகிறார்கள் என்பது விளங்கும். அவர்கள் நம் கரையில் செய்வதை நாம் அவர்கள் கரையில் செய்வதில் தவறில்லை.

அந்த இழை நம்மைச் சொந்த ஊருக்குள் அடைத்துவிடுவதும் இல்லை. பொன்னோலையைத் தேடிப் போகிறவர் நான்காம் கிறிஸ்டியனைப் படிக்காமல் இருக்க முடியாது. ஆசியக் கம்பெனியைத் தேடுகிறவர் கான்டனையும், கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களையும், அங்கே அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கர்களையும் சந்தித்தே ஆக வேண்டும். அவர்களின் வழித்தோன்றல்கள் காத்திருக்கவில்லை. அந்தத் தீவுகளில் 1878ஆம் ஆண்டுத் தொழிலாளர் கிளர்ச்சியை நடத்திய மேரியின் உருவத்தை, லா வோன் பெல் என்ற வர்ஜின் தீவுக் கலைஞரும் ஜீனெட் ஏலர்ஸ் என்ற டேனிஷ் கலைஞரும் சேர்ந்து 2018இல் மேற்கிந்தியப் பண்டகசாலை முன் நிறுத்தினார்கள். கையேடுகள் அதன்பிறகுதான் அந்தப் பண்டகசாலையைத் திரும்பிப் பார்த்தன. பட்டியல் தானாக மாறுவதில்லை. விடுபட்டவர்கள் எழுதிச் சேர்க்கும்போது மாறுகிறது.

அப்படியானால் நூலே வேண்டாம், கால் போன போக்கில் நடந்தால் போதும் என்பார் சிலர். ஈ. எம். ஃபார்ஸ்டரின் 1908ஆம் ஆண்டு நாவலில் புளோரன்ஸ் நகரத்தில் பெடேக்கர் இல்லாமல் தவிக்கும் பெண்ணை வைத்து இந்த வாதம் வெகு காலமாக நடக்கிறது. கால் போன போக்கில் நடப்பது, மறுபடி வர முடியும் என்று தெரிந்தவருக்குப் பொருந்தும். விசாவுக்கு வங்கிக் கணக்கு காட்டி, சேமிப்பைச் செலவழித்து, உலகத்திலேயே விலை கூடிய நகரங்களில் ஒன்றுக்கு ஒருமுறை போகிறவருக்கு நாளும் பணமும் வீணாகாமல் காப்பது நூல்தான். கைபேசி இருக்கிறதே என்றால், அது பெரும்பாலும் கூட்டம் எங்கே போகிறதோ அங்கேயே மேலும் கூட்டத்தை அனுப்புகிறது. பெடேக்கரின் நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு மனிதரின் தீர்ப்பாவது இருந்தது. அதோடு நாம் வாதாடலாம்.

ஆகவே நமக்கு வேண்டியது அச்சிட்ட நூலுக்குள் செருகிக்கொள்ள நான்கு பக்கம். பொறையாறு டி.பி.எம்.எல். கல்லூரியிலும் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் வரலாறும் தமிழும் கற்பிப்பவர்கள் ஒரு கோடை விடுமுறையில் எழுதிவிடக்கூடியது. பார்சன், ஆசியாடிஸ்க் பிளாட்ஸ், அமாலியன்போர்க் சிலை மூன்றையும் இணைத்து ஒரு பிற்பகல் நடை. ஆவணக் காப்பகத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தின் மாதிரி. தேசிய அருங்காட்சியகத்தில் தரங்கம்பாடிப் பொருள்களைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள். இவற்றோடு சீகன்பால்குவுக்கு ஒரு பக்கம் வேண்டும். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கி, தமிழில் புதிய ஏற்பாட்டை அங்கேயே அச்சிட்ட அவரை அனுப்பிவைத்தவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். ஆனால் அவர் படித்த ஊரையும், அங்கே போய்ச் சேர்ந்த தமிழ்ச் சுவடிகளையும் பார்க்கக் கோபன்ஹேகனிலிருந்து ரயிலேறி ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்குப் போக வேண்டும். அடுத்த வாரம் ஹாலே.