வாக்குறுதி சோறு போடாது

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் கிரிவலம் வரும் செங்கம் சாலை, ரமணாசிரமத்தின் வாசலைத் தொட்டுக்கொண்டு மேற்கே போகிறது. உக்ரைன் போர் நமக்குச் சொல்லும் முக்கியமான பாடம் இந்தத் திசையில் 1767-லேயே எழுதப்பட்டுவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 3 அன்று, செங்கம் கணவாயில் மைசூரை ஆண்ட ஐதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் சேர்ந்து நடத்திய படையைக் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை முறியடித்தது. ஆனால் சண்டையின் நடுவிலேயே மைசூர்க் குதிரைப்படை கம்பெனிப் படையின் அரிசி மூட்டைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஜெயித்த படை பசியோடு திருவண்ணாமலைக்கு விரைந்தது. உணவுக்கு ஆற்காட்டு நவாப் முகம்மது அலியின் ஆட்களை நம்பியிருந்த அவர்களுக்கு, எதிர்பார்த்த அரிசி இங்கே கிடைக்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் தானியம் தேடி அலைந்து, திருச்சியிலிருந்து வந்த கர்னல் உட்டின் படையோடு சேர்ந்த பிறகுதான், அம்மாத இறுதியில் திருவண்ணாமலைப் போரில் அவர்களால் வெல்ல முடிந்தது.

இன்று அந்த அரிசியின் இடத்தில் பீரங்கிக் குண்டு இருக்கிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா முழு அளவில் படையெடுத்தபின், நட்பு நாடுகளின் ஆயுதங்களைக் கொண்டே உக்ரைன் பெருமளவு தாக்குப்பிடிக்கிறது. ஓராண்டுக்குள் 10 லட்சம் குண்டுகள் தருவதாக ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச்சில் அறிவித்தது. கெடு முடிந்தபோது போய்ச் சேர்ந்தது ஏறக்குறைய பாதிதான். அமெரிக்காவின் பெரிய உதவித் தொகுப்பு நாடாளுமன்றத்தில் பல மாதம் முடங்கி, 2024 ஏப்ரலில்தான் நிறைவேறியது. ஐரோப்பிய நண்பர்களுக்கு மனம் இருந்தது. ஆனால் கிடங்கில் சரக்கும், அதை வேகமாகச் செய்து தரும் ஆலைகளும் போதவில்லை. டிரோன் யுகத்துக்குப் பீரங்கிக் காலத்துக் கதை பொருந்துமா என்று கேட்கலாம். டிரோனும் தீர்ந்துபோகும் பொருள்தான். ஆயுதம் மாறினாலும், தீர்ந்ததை யார், எத்தனை நாளில் நிரப்புவார் என்ற கேள்வி மாறுவதில்லை.

கூட்டணியின் உறுதியும் இப்படித்தான் சோதிக்கப்படுகிறது. கம்பெனியோடு புறப்பட்ட நிஜாம் 1767-ல் ஐதரோடு சேர்ந்தார். திருவண்ணாமலையில் தோற்றதும் 1768 பிப்ரவரியில் மீண்டும் கம்பெனியிடமே போனார். 1769-ல் சென்னை வாசல்வரை வந்த ஐதரோடு, ஆபத்தில் ஒருவருக்கொருவர் உதவுவதாகக் கம்பெனி உடன்படிக்கை செய்துகொண்டது. அடுத்த ஆண்டே மராட்டியர் மைசூர்மீது பாய்ந்தபோது அந்த உதவி வரவில்லை. ஐதர் அதை மறக்கவில்லை. 1780-ல் அவர் படை ஆற்காட்டு நவாபின் கர்நாடகச் சமவெளியில் இறங்கியதற்கு அந்தத் துரோகமும் ஒரு காரணம். உக்ரைனும் 1994-ல் புடாபெஸ்ட்டில் அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா தந்த உறுதிமொழிகளை ஏற்று அணு ஆயுதங்களைக் கைவிட்டது. கையெழுத்திட்ட ரஷ்யாவே 2014-ல் கிரிமியாவைப் பிடித்தது. தாக்கப்பட்டால் படை அனுப்ப வேண்டும் என்று அந்த ஆவணம் யாரையும் கட்டுப்படுத்தவில்லை. பல்லாண்டு அணிசேராமல் இருந்த பின்லாந்து 2023-லும், சுவீடன் 2024-லும் நேட்டோவில் சேர்ந்தது 2022 படையெடுப்பைப் பார்த்த பிறகுதான்.

கறாரான கூட்டணி ஒரு சிறு சண்டையை உலகப்போராக்கிவிடும் என்ற அச்சம் நியாயமானது. 1914-ல் ஐரோப்பா அதைப் பட்டறிந்தது. ஆனால் மழுப்பலான வாக்குறுதி அதைவிட ஆபத்தானது. நம்பியவன் அசட்டையாக இருப்பான், தாக்க நினைப்பவன் துணிவான்; இருவர் கணக்கும் தப்பும். எந்த அணியிலும் சேராத இந்தியாவுக்கும் இதில் பாடமுண்டு. 2018-ல் ரஷ்யாவோடு ஒப்பந்தமான எஸ்-400 வான்காப்பு அமைப்புகள் முழுமையாக வந்துசேர உக்ரைன் போர் தாமதம் உண்டாக்கியது. எல்லாரோடும் நட்பு என்பது நல்ல கொள்கைதான். அது நெருக்கடியில் நிலைக்க வேண்டுமானால், குண்டும் உதிரிபாகமும் இங்கேயே உற்பத்தியாக வேண்டும். யாரிடம் எதை, எந்த நாளுக்குள் எதிர்பார்க்கலாம் என்பது அமைதிக் காலத்திலேயே எழுத்தில் முடிவாகியிருக்க வேண்டும். அதற்கான செலவை வீண் என்று நினைப்பவர்கள், வெற்றி பெற்றும் பட்டினியோடு திருவண்ணாமலைக்கு வந்த படையை எண்ணிப் பார்க்க வேண்டும்.