படத்தொகுப்புக்கு ஒரு பொதுப் பண்டகசாலை

எர்ணாகுளம் மாவட்டத்து மட்டாஞ்சேரியில், காயலை ஒட்டிய பசார் வீதியில் பழைய பண்டகசாலைகள் பல உள்ளன. மிளகு, சுக்கு முதலிய சரக்குகளைப் பல இடங்களில் சிதறவிடாது ஓரிடத்தில் சேர்த்து, வரவையும் செலவையும் பேரேட்டில் பதிந்து வைப்பதே பண்டகசாலையின் பயனாகும். வீடியோப் படங்களைத் தொகுக்கும் இடங்களிலும் இன்று இத்தகைய ஏற்பாடு இன்றியமையாததாகிவிட்டது.

கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமாகிய கைட், 2018 ஆம் ஆண்டில் ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் மன்றங்களை உயர்நிலைப் பள்ளிகளில் தொடங்கியது. கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டே மாணவர் படத்தொகுப்பும் பயிலுகின்றனர். அவர்கள் படம்பிடிக்கத்தக்க செய்திகள் மட்டாஞ்சேரியில் நிறைய உண்டு. 1568 ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற பரதேசி யூதர் தொழுகைக்கூடம் அங்குள்ளது. அதனைச் சார்ந்த மக்களிற் பெரும்பாலோர் 1948க்குப் பின் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். முதியோர் ஒருவர் தம் இளமைக் காலத்தைப் பற்றிக் கூறியது பதிவான பின் அழிந்துபோயின், அதனை மீண்டும் பதிவு செய்ய வாய்ப்பு நேராமலே போகலாம். ஆகவே, சேமிப்பு முறை பணத்தை மட்டும் பற்றிய செய்தியன்று.

மூன்று கணிப்பொறிகளில் தொகுப்பு வேலை நடைபெறும் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். கையடக்க வன்தட்டுகளில் காட்சிகளை மாற்றி மாற்றி எடுத்துச் சென்றால் ஒரே காட்சிக்குப் பல படிகள் உண்டாகும். எது இறுதியானது என்பது விளங்காது. தட்டு கீழே விழுந்தால் அனைத்தும் போகும். இதற்கு மாற்றாக, நான்காவது கணிப்பொறி ஒன்றில் எல்லாக் காட்சிகளையும் வைத்து, மற்ற மூன்றையும் கேபிள் வழியே அதனுடன் இணைப்பதே பொதுச் சேமிப்பு எனப்படும். விலையுயர்ந்த கருவி இதற்கு வேண்டுவதில்லை. அலுவலகத்தில் கழிக்கப்பட்ட, நல்ல நிலையிலுள்ள கணிப்பொறியே போதும். ஓப்பன்மீடியாவால்ட், ட்ரூநாஸ் போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன.

முதலில் கணக்கிட வேண்டியது வேகம். படத்தொகுப்புக்கென அமைந்த டிஎன்எக்ஸ்எச்டி வகையில், வினாடிக்கு 25 சட்டங்கள் கொண்ட முழு எச்.டி. காட்சி ஒன்று வினாடிக்கு ஏறத்தாழ 120 மெகாபிட், அதாவது 15 மெகாபைட் கேட்கும். ஒரு மணி நேரக் காட்சிக்கு 54 கிகாபைட் இடம் தேவை. மூன்று கணிப்பொறிகளும் இரண்டிரண்டு காட்சிகளை ஒருங்கே ஓட்டினால் வினாடிக்கு 90 மெகாபைட் ஆகிறது. சாதாரண கிகாபிட் கேபிள் இணைப்பில் நடைமுறையில் வினாடிக்கு 110 மெகாபைட் வரையே செல்லும். எனவே மூன்று பேருக்கு அது இறுக்கமாகவேனும் போதும். நான்காமவர் சேர்ந்தால் படம் தடைப்படும். அந்நிலையில் சேமிப்புக் கணிப்பொறிக்கும் ஸ்விட்சுக்கும் இடையேயுள்ள ஓர் இணைப்பை மட்டும் 10 கிகாபிட்டாக உயர்த்தினால், கேபிளில் ஏற்படும் நெருக்கடி தீரும். ஸ்விட்சில் அதற்குரிய துளை இருத்தல் வேண்டும். வைஃபை இணைப்பின் வேகம் ஏறி இறங்குவதால் இவ்வேலைக்கு ஏற்றதன்று. பணம் குறைவாயின், அளவு சுருங்கிய மாற்றுப் படிகளை வைத்துத் தொகுத்து, இறுதி வெளியீட்டின்போது மட்டும் மூலக் காட்சிகளைப் பயன்படுத்தலாம். கேடென்லைவ் மென்பொருளில் இவ்வசதி உண்டு.

அடுத்தது வன்தட்டுகளின் அமைப்பு. விலை குறைந்த தட்டுகள் பலவற்றை ஒன்றுசேர்த்து நம்பத்தக்க சேமிப்பை ஆக்கும் ‘ரெய்டு’ முறையை, பெர்க்லியைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகியோர் 1988 இல் விளக்கினர். அதன் கருத்தை மாணவர்க்கு எளிதில் உணர்த்தலாம். மூன்று தட்டுகளில் 7, 5, 4 என்ற எண்களும், நான்காவதில் அவற்றின் கூட்டுத்தொகை 16உம் இருப்பதாகக் கொள்க. 5 உள்ள தட்டு பழுதானால், 16இலிருந்து 7ஐயும் 4ஐயும் கழித்து அதனைத் திரும்பப் பெறலாம். உண்மையில் நடைபெறும் கணக்கு வேறு வகையினதாயினும் கருத்து இதுவே. 4 டெராபைட் தட்டுகள் நான்கினை ரெய்டு 5 முறையில் இணைத்தால் 12 டெராபைட் பயன்படும். ஒரு தட்டின் பழுதை அது தாங்கும். ரெய்டு 6 முறையில் 8 டெராபைட்டே பயன்படும். ஆனால் இரு தட்டுகள் பழுதானாலும் காட்சிகள் அழியா.

எனினும் ரெய்டு காப்புப் படி ஆகாது. தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பு எல்லாத் தட்டுகளிலும் ஒருங்கே அழியும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போது கொச்சி விமான நிலையமே 15 ஆம் நாள் முதல் 29 ஆம் நாள் வரை மூடப்பட்டிருந்தது என்பதை நினைவிற் கொள்ளுதல் நலம். தரைத்தளத்தில் வைத்த பெட்டிக்குள் நீர் புகுந்தால் நான்கு தட்டுகளும் சேர்ந்தே கெடும். ஆகவே பெட்டியை மேல்தளத்தில் வைத்தலும், மின்தடையைத் தாங்க யூ.பி.எஸ். இணைத்தலும், காட்சிகளின் மற்றொரு படியைத் தொலைவிலுள்ள வேறொரு கட்டடத்தில் காத்தலும் தேவை. கடற்காற்றும் ஈரமும் மிகுந்த ஊர்களில் பெட்டியைச் சன்னலருகே வைத்தலாகாது.

இறுதியாக, பேரேட்டு ஒழுங்கு. மூலக் காட்சிகளை எவரும் பார்க்கலாம், ஆனால் மாற்ற இயலாது என்னும்படி உரிமைகளை வகுத்தல் வேண்டும். ஒரு தொகுப்புக் கோப்பை ஒரே நேரத்தில் ஒருவரே திறத்தல் வேண்டும். இருவர் திறந்தால், பின்னர்ச் சேமிப்பவர் முன்னவரின் உழைப்பை அழித்துவிடுவார். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் நாளும் இடமும் பொருளும் விளங்குதல் நன்று. மாதம் ஒருமுறை காப்புப் படியிலிருந்து ஒரு காட்சியை எடுத்து ஓட்டிப் பார்த்தலும் ஆசிரியரின் கடமையாகும். திறந்து பார்க்கப்படாத பண்டகசாலையில் சரக்கு நலமாயிருக்கிறதா என்பதை எவரும் உறுதி கூற இயலாது.