ஔந்தில் ஒரு குட்டி அபார்ட்மென்ட் கட்டடம்: வாங்கும் முன் நிலம் யார் பெயரில் என்று பாருங்க

ஹிஞ்சவடி ஐடி பார்க்குக்குப் போய்வரும் தூரம். அதனால் நண்பர்கள் சேர்ந்து புனேயின் ஔந்தில் ஆறு ஃபிளாட் உள்ள பழைய கட்டடத்தையே வாங்கி வாடகைக்கு விடலாமே என்று தோன்றும். யோசனை தப்பில்லை. சிக்கல் நிலத்தில் இருக்கு.

சென்னையில் ஃபிளாட் வாங்கினால் யுடிஎஸ், அதாவது நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு, உங்கள் பெயரில் பத்திரமாகும். மகாராஷ்டிராவில் பெரும்பாலும் நிலம் ஹவுசிங் சொசைட்டிக்குப் போகும். அந்தப் பத்திரம்தான் கன்வேயன்ஸ். சொசைட்டி பதிவான 4 மாதத்துக்குள் பில்டர் அதைச் செய்துதரணும் என்பது 1963-ஆம் ஆண்டு மோஃபா சட்டப்படியான விதி. பலர் செய்யவில்லை. அதனால்தான் 2008-ல் சட்டத்தைத் திருத்தி, பில்டர் கையெழுத்தே இல்லாமல் நிலத்தைப் பெற ‘டீம்ட் கன்வேயன்ஸ்’ கொண்டுவந்தார்கள்.

ஆக, ஆறு ஃபிளாட்டையும் வாங்கிய பிறகும் நிலம் பழைய பில்டர் பெயரிலேயே இருக்கலாம். அப்புறம் இடித்துக் கட்டுவதோ மாடி ஏற்றுவதோ லேசில் நடக்காது. பழைய கட்டடத்தில் நிஜமான லாபமே அங்கேதானே! அட்வான்ஸ் கொடுக்கும் முன் பிராப்பர்ட்டி கார்டு அல்லது சாத்பாரா (7/12) வாங்கிப் பாருங்க.

வாடகைக் கணக்கு? உதாரணத்துக்கு விலை 5 கோடி என்றால், புனேயில் 7% ஸ்டாம்ப் டியூட்டி மட்டும் 35 லட்சம். வீட்டுக்கு 25,000 வாடகை வந்தால், அது கிட்டத்தட்ட 23 மாத வருமானம்.

இன்னொன்று: ‘11 மாத ஒப்பந்தம்தானே, பதிவு வேண்டாம்’ என்ற நம்ம ஊர் பழக்கம் இங்கே செல்லாது. 1999 வாடகைச் சட்டப்படி லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம், பொறுப்பு ஓனருடையது. பதிவில்லாமல் தகராறு வந்தால், நிபந்தனைகள் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதுதான் முதலில் எடுபடும்.