பின்னட்டை இல்லாத புத்தகம்

பின்னட்டையே இல்லாத புத்தகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்காவில் ஏஸ் பதிப்பகம் 1952-இல் தொடங்கிய ‘ஏஸ் டபுள்’ வரிசை அப்படிப்பட்டது. முன்பக்கம் ஒரு நாவல். தலைகீழாகத் திருப்பினால் இன்னொரு நாவல், அதற்கும் தனி முன்னட்டை, தனி ஓவியம். இரண்டும் சேர்த்து 35 சென்ட்! அறிவியல் புனைகதை எழுத்தாளர் பிலிப் கே. டிக்கின் முதல் நாவலே 1955-இல் இப்படி லீ பிராக்கெட்டின் கதையோடு ஒட்டிக்கொண்டுதான் வெளிவந்தது.

மருந்துக்கடை, பஸ் நிலையம் என்று கம்பி ஸ்டாண்டுகளில் விற்ற புத்தகங்கள் இவை. கடந்து போகிறவரை அட்டைதான் நிறுத்த வேண்டும். அதனால் அறிவியல் புனைகதை அட்டைகளில் ராக்கெட்டும் வேற்றுக்கிரகவாசியும் பளிச்சென்ற நிறங்களில் மிரட்டின. உள்ளே இருந்த கதையைவிட அட்டை நன்றாக இருந்ததும் உண்டு.

இவற்றுக்கு வரைந்தவர்களில் முக்கியமானவர் எட் எம்ஷ்வில்லர். ‘எம்ஷ்’ என்று கையெழுத்திடுவார். 1953-இல், அறிவியல் புனைகதைத் துறைக்காக முதன்முதலாக வழங்கப்பட்ட ஹ்யூகோ விருதுகளில், அட்டை ஓவியருக்கான விருதை ஹானஸ் போக்குடன் பகிர்ந்துகொண்டார். அவர் வரைந்த விண்வெளிப் பெண்கள் பலருக்கு மாடலாக நின்றவர் மனைவி கரோல். கரோலும் சாமானியர் அல்ல, பேர்பெற்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர்.

பிறகு எம்ஷ் தூரிகையை விட்டுத் திரைப்படத்துக்குப் போனார். 1979-இல் கணினியிலேயே ‘சன்ஸ்டோன்’ என்ற குறும்படம் செய்தார். அதில் அவரோடு உழைத்த ஆல்வி ரே ஸ்மித், பின்னாளில் பிக்சார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்.